எழுதப்படாத ரிப்பீட்டர் வருடம்

நீட் பற்றித் தமிழில் இதுவரை எழுதப்பட்டதையும் படமாக எடுக்கப்பட்டதையும் மொத்தமாகப் பார்த்தால் இரண்டு குவியலாகப் பிரித்துவிடலாம். ஒன்று அறிவுரை. இன்னொன்று அஞ்சலி. ஏப்ரல் கடைசியில் ‘தேர்வு பயமா? கவலை வேண்டாம்’ வகைக் கட்டுரைகள் வரும். மே முதல் ஞாயிறு தேர்வு நடக்கும். தேர்வை ஒட்டியோ ரிசல்ட் வந்த வாரத்திலோ அஞ்சலி எழுதவேண்டி வந்துவிடும். பிறகு அடுத்த ஏப்ரல்தான். நடுவில் பத்துப் பதினொரு மாதம் கிடக்கிறது. அந்த மாதங்களில்தான் ஒரு பையனோ பெண்ணோ நிஜமாகப் படிக்கிறார்கள், தூக்கம் வராமல் புரள்கிறார்கள், சித்தி வீட்டுக் கல்யாணத்துக்குப் போகாமல் வீட்டில் தனியாக உட்கார்ந்திருக்கிறார்கள். அந்த மாதங்களைப் பற்றி நம்மிடம் ஏறக்குறைய எதுவுமே இல்லை. என் புகார் அதுதான்.

நான் இருப்பது மதுரை பழங்காநத்தத்தில். ரவுண்டானாவில் எல்லாக் கட்சிக்காரர்களும் கூட்டம் போடுவார்கள். நீட்டைப் பற்றி இரண்டு பக்கத்துப் பேச்சையும் வீட்டு வாசலில் நின்றே கேட்டிருக்கிறேன். மைக் செட்டைக் கழற்றிக்கொண்டு போனபிறகும் இரவு ஒரு மணிக்கு எங்கள் தெருவில் இரண்டு மாடி ஜன்னல்களில் விளக்கு எரியும். அதில் ஒரு ஜன்னலுக்கு இது மூன்றாவது வருடம். அந்தப் பெண் காலையில் பால் பாக்கெட் வாங்க இறங்கினால் எதிர்வீட்டு அத்தை விடமாட்டார். “என்னத்தா, இந்த வருசமாச்சும் கெடச்சிருமா?” கெட்ட எண்ணத்தில் கேட்பதில்லை, பாசத்தில்தான் கேட்கிறார். ஆனால் இப்போதெல்லாம் அந்தப் பெண்ணின் தம்பிதான் பால் வாங்க வருகிறான்.

இந்தப் பிள்ளைகளுக்கு இரண்டு பெயர் உண்டு. கோச்சிங் சென்டர் பாஷையில் ‘ரிப்பீட்டர்’, வடக்கிலிருந்து வந்த பாஷையில் ‘டிராப்பர்’. தமிழில் ஒரு பெயர்கூட நாம் வைக்கவில்லை. ஃபெயிலானவர் கிடையாது, ஏனென்றால் பிளஸ் டூவில் நல்ல மார்க். படித்துக்கொண்டிருப்பவர் என்றும் முழுசாகச் சொல்ல முடியாது, எந்தக் கல்லூரியின் பட்டியலிலும் பெயர் இல்லை. பெயர் இல்லாத ஒரு நிலையைக் கதைக்குள் கொண்டுவருவது சிரமம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதில் இருப்பவர்கள் கொஞ்சநஞ்சம் பேர் இல்லை. நீதிபதி ஏ.கே. ராஜன் குழு 2021ல் தந்த அறிக்கையில் ஒரு கணக்கு இருக்கிறது. 2016–17ல் தமிழ்நாட்டில் எம்.பி.பி.எஸ். சேர்ந்தவர்களில் பழைய ஆண்டு மாணவர்கள் 12.47 சதவீதம். 2020–21ல் அது 71.42 சதவீதம். அதாவது முதல் தடவையிலேயே இடம் பிடிப்பதுதான் இப்போது விதிவிலக்கு. டாக்டராகப்போகிற பத்துப் பேரில் ஏழு பேர் கடந்துவந்த ஒரு வாழ்க்கை, ஒரு நாவலிலும் இல்லை என்றால் அது நம் எழுத்தாளர்களைப் பற்றியும் ஏதோ சொல்கிறது.

முதலில் அறிவுரைக் குவியல். இந்த வகையின் பெரிய மாதிரி 2018ல் பிரதமர் மோடி எழுதி வெளிவந்த ‘எக்ஸாம் வாரியர்ஸ்’. முதல் பதிப்பில் மாணவர்களுக்கு 25 மந்திரங்கள். அதில் தூக்கத்தைப் பற்றியும் விளையாட்டைப் பற்றியும் சொல்லியிருப்பதில் குறை ஒன்றுமில்லை. தலைப்பில்தான் என் பிரச்சினை. தேர்வைப் போர் என்றும் படிப்பவனை வீரன் என்றும் சொல்லிவிட்டால், போரை யார் அறிவித்தார்கள் என்ற கேள்வி அந்த வாக்கியத்திலேயே காணாமல் போய்விடுகிறது. நம் ஊர் அறிவுரைக் கட்டுரைகளும் இதே இலக்கணத்தில்தான் ஓடுகின்றன. எல்லா வினைச்சொல்லும் மாணவனை நோக்கிய ஏவல். மூச்சை இழுத்துவிடு, போனைத் தள்ளிவை, பாசிட்டிவாக நினை. தேர்வு மட்டும் மழை, வெயில் மாதிரி, யாரும் எதுவும் செய்ய முடியாத ஒன்றாக வானத்தில் இருக்கிறது.

சரி, அறிவுரையையே அறிவுரையாகப் படித்தால் தேறுமா? சிலது தேறும். படித்தது மூளையில் தங்குவதற்குத் தூக்கம் வேண்டும் என்பது நன்றாக நிறுவப்பட்ட விஷயம். நான்கு மணிநேரத் தூக்கத்தைப் பெருமையாகச் சொல்லும் டாப்பர் பேட்டிகள் செய்யும் கெடுதல் கொஞ்சமல்ல. ஓரளவு பதற்றம் உதவும், அளவு மீறினால் கெடுக்கும் என்பதை யெர்க்ஸும் டாட்சனும் 1908லேயே எலிகளை வைத்துச் சோதித்துச் சொன்னார்கள். ஆகவே ‘பதற்றமே படாதே’ என்பது தப்பான அறிவுரை. இன்னொன்று எழுதுகிறவர்களுக்குப் பிடிக்கும். தேர்வுக்கு முன் பத்து நிமிடம் தன் பயங்களைத் தாளில் எழுதிவிட்டு உட்கார்ந்த மாணவர்கள் கூடுதல் மார்க் வாங்கினார்கள் என்று ராமிரெஸ், பெய்லாக் என்ற இருவர் 2011ல் ‘சயன்ஸ்’ இதழில் எழுதினார்கள். எழுத்து காப்பாற்றும் என்று ஆய்வே சொல்லிவிட்டது, இதைவிட நமக்கு என்ன வேண்டும்! 2018ல் பெரிய அளவில் நடந்த மறுசோதனையில் அந்தப் பலன் கிடைக்கவில்லை. இருந்தாலும் டைரி எழுதுவதால் நஷ்டமில்லை, எழுதுங்கள். மார்க் கூடும் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள்.

இந்தக் கட்டுரைகள் தொடாத இடம் மைனஸ் மார்க். 180 கேள்வி, 720 மதிப்பெண். சரியென்றால் நான்கு, தப்பென்றால் ஒன்று போகும். கண்ணை மூடிக்கொண்டு நான்கில் ஒன்றைக் குறித்தால்கூட சராசரியாகக் கால் மார்க் லாபம்தான். ஒரு விடையை உறுதியாகத் தள்ளிவிட முடிந்தால் லாபம் முக்கால் மார்க்கை நெருங்கும். கணக்கு இப்படி இருக்க, பிள்ளைகள் அந்த ஒரு மார்க்குக்கு நடுங்குவதைப் பார்த்திருக்கிறேன். பாதி தெரிந்ததைச் சொன்னால் தண்டனை என்று மூன்று வருடம் பழகிய மனசு அது. பரீட்சை ஹாலுக்கு வெளியிலும் அப்படியே பழகிவிடுகிறது. ஒரு பேச்சுக்குக்கூட “எனக்கு என்ன தோணுதுன்னா...” என்று ஆரம்பிக்கத் தயங்கும் பத்தொன்பது வயசுப் பிள்ளைகளை நான் அறிவேன். ஒரு சிறுகதைக்கு இது போதாதா?

இனி சினிமா. 2024 ஜூன் 4 நீட் ரிசல்ட் வந்தது; 67 பேர் 720க்கு 720 என்று நாடே அதிர்ந்துகிடந்தபோது, மூன்றாம் நாள், ஜூன் 7ல் ‘அஞ்சாமை’ ரிலீஸ் ஆனது. எஸ்.பி. சுப்புராமன் இயக்கம், விதார்த், வாணி போஜன், ரகுமான் நடிப்பு. தயாரித்தவர் மனநல மருத்துவர் திருநாவுக்கரசு. இந்தத் தகவலோடுதான் படத்துக்குப் போனேன். ஒரு மனநல மருத்துவர் காசு போட்டு எடுக்கும் நீட் படம் என்றால் அந்த ஜன்னலுக்குள் போகும் என்று நினைப்போம் இல்லையா?

படம் வேறு வழியில் போகிறது. மேடைக் கலைஞரான அப்பா, மகனுக்காக மேடையை விடுகிறார். மகனுக்குத் தேர்வு மையம் ஜெய்ப்பூரில் விழுகிறது. போன இடத்தில் அப்பா இறந்துவிடுகிறார். மகன் அரசாங்கத்தின்மேல் வழக்குப் போடுகிறான். ஒரு போலீஸ் அதிகாரி வேலையை விட்டு வக்கீலாகி அவனுக்காக வாதாடுகிறார். இதில் எதுவும் மிகை என்று தள்ளிவிட முடியாது. 2018 மே 6 அன்று எர்ணாகுளத்தில் மகன் உள்ளே தேர்வு எழுதிக்கொண்டிருக்க, அவனை அழைத்துப்போன திருவாரூர் மாவட்டத்து அப்பா வெளியே இறந்துபோனார். மையங்களைத் தமிழ்நாட்டுக்குள்ளேயே போடச் சொல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது, நேரமில்லை என்று உச்ச நீதிமன்றத்தில் அது நிற்கவில்லை. விதார்த்தும் அந்த அப்பாவை நெஞ்சுக்குள் இறக்கிவிடுகிறார். கலங்காமல் தியேட்டரை விட்டு வந்தவர்கள் குறைவுதான்.

ஆனால் கவனித்தால், படம் முழுக்க நமக்குக் கிடைப்பது அப்பாவின் துக்கம், பிறகு வக்கீலின் கோபம். பையனுக்கு என்ன நடந்தது? அப்பா செத்த ஊரில் எழுதிய பேப்பர் அது. அதற்கப்புறம் அவன் ஒரு பயாலஜி புத்தகத்தை எப்படித் திறப்பான்? அந்த இடத்தில் கேமரா நின்றிருக்க வேண்டும். நீதிமன்றத்துக்குப் போய்விட்டது. வாதம் ஜெயிக்கும்போது நாம் கைதட்டுகிறோம், பையன் கூண்டில் சாட்சியமாக நிற்கிறான். பிரச்சாரப் படம் என்று சிலர் சொன்னது எனக்கு ஒரு குறையாகவே படவில்லை. பிரச்சாரம் செய்யவேண்டிய விஷயம்தான். பாதிக்கப்பட்டவனே தன் கதையில் துணைப் பாத்திரமாகப் போய்விட்டான் என்பதுதான் குறை.

இந்த இடத்தில் ‘கோட்டா ஃபேக்டரி’ ரசிகர்கள் கையைத் தூக்குவார்கள். நியாயம். 2019ல் யூடியூபில் வந்த அந்த இந்தித் தொடர், படிக்கிற பிள்ளைகளின் அறைக்குள் போய் உட்கார்ந்தது. கருப்பு வெள்ளையில் எடுத்ததால் ஒரே நாள் திரும்பத் திரும்ப வருகிற சலிப்பு நமக்கும் ஒட்டியது. மெஸ் சாப்பாடு, பேட்ச் பிரிப்பது, ரூம் மாற்றுவது என்று சின்ன விஷயங்களுக்கு நேரம் கொடுத்தது. இரண்டாம் சீசன் ஒரு மாணவியின் மரணச் செய்தியில் முடிகிறது. மூன்றாவதில் ஜீத்து பையாவே மனநல மருத்துவரிடம் போகிறார். பிள்ளைகளுக்குத் தைரியம் சொல்கிற வாத்தியாருக்கும் தைரியம் தீர்ந்துபோகும் என்று காட்டியது எனக்கு மிகவும் பிடித்த இடம். ஆனால் ஜீத்து பையா மாதிரி ஒருத்தர் கிடைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்ற நப்பாசையைக் கிளப்புவதும் அதே தொடர்தான். முதல் சீசனுக்கு ஸ்பான்சர் ஒரு ஆன்லைன் கோச்சிங் நிறுவனம் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு பார்த்தால் அந்த நப்பாசை எங்கிருந்து வருகிறது என்று புரியும்.

மேலும் அது ஹாஸ்டல் கதை. வீட்டை விட்டுப்போன பிள்ளைகளின் கதை. எங்கள் பக்கத்து ரிப்பீட்டர் பெரும்பாலும் வீட்டில் இருக்கிறாள். அவளுக்கு ரூம்மேட் கிடையாது. ஹாலில் டிவி சத்தத்தைக் குறைத்து வைத்திருக்கும் அப்பா, தட்டை மேசைக்கே கொண்டுவரும் அம்மா, தனக்கென ஒரு மூலை இல்லாத தம்பி, இவர்கள்தான் உலகம். திட்டினால்கூடத் தாங்கிவிடலாம், இந்த மெதுவான நடமாட்டத்தைத் தாங்குவது கஷ்டம். தமிழில் குடும்பத்தைப் பற்றி எழுத ஆள் பஞ்சமா என்ன? குடும்ப நாவல் எழுதியே வளர்ந்த மொழி இது.

அஞ்சலிக் குவியலைப் பற்றி எழுதும்போது கை கொஞ்சம் நடுங்குகிறது. அனிதா 1200க்கு 1176 என்பது நம் எல்லாருக்கும் மனப்பாடம். ஆனால் 2017 ஆகஸ்ட் 22 வரை அந்த வருடம் எந்த மார்க் செல்லும் என்பதே முடிவாகவில்லை, அவசரச் சட்டம் வரும் என்ற நம்பிக்கை அதுவரை இருந்தது என்பது எத்தனை பேருக்கு நினைவிருக்கிறது? மூன்று மாதம் அப்படி ஒரு அந்தரத்தில் ஒரு பதினேழு வயசுப் பெண் எப்படி நாட்களை ஓட்டினாள்? அவளை அடையாளமாக்கியது தேவையாக இருந்தது, அரியலூர் மருத்துவக் கல்லூரி அரங்குக்கு அவள் பெயர் வைத்ததும் சரியே. ஆனால் அடையாளத்துக்கு நாட்கள் கிடையாது, தேதி மட்டும்தான் உண்டு.

2020 செப்டம்பர் 12, தேர்வுக்கு முந்தின நாள், தமிழ்நாட்டில் ஒரே நாளில் மூன்று பிள்ளைகளை இழந்தோம். அதில் ஒரு பெண் எங்கள் மதுரை. சூர்யாவின் அறிக்கை அதையொட்டி வந்தது. நீதிமன்றத்தைப் பற்றி அவர் எழுதிய ஒரு வரிக்காக அவமதிப்பு வழக்கு வரைக்கும் பேச்சுப் போனது, உயர் நீதிமன்றம் நடவடிக்கை வேண்டாம் என்று விட்டது. எல்லோரும் அந்த வரியைப் பற்றியே பேசினார்கள். எனக்கு அதில் முக்கியமாகப் பட்டது வேறு வரி: இறந்தவர்களின் கடைசி எழுத்தில் எழுத்துப்பிழை தேடுகிறவர்களைப் பற்றியது. விமர்சனம் எழுதுகிற எவரும் அதில் ஒரு நிமிடம் நிற்க வேண்டும். அந்தக் கடிதங்களை நாம் திரும்பத் திரும்பப் பகிர்ந்தோம், மேற்கோள் காட்டினோம், சிலர் கவிதையாக மடக்கினோம். ஒரு முடிவு மட்டும் அழகாகச் சொல்லப்பட்டால், அதே நிலையில் படித்துக்கொண்டிருக்கும் இன்னொரு பிள்ளைக்கு அது ஒரு வழியாகத் தெரியும் ஆபத்து உண்டு. அதே தெருவில் அதே வருடம் பிழைத்துக் கிடந்தவர்களின் கதையையும் சேர்த்துச் சொன்னால்தான் கணக்கு நேராகும். பிழைத்தவர்கள்தான் அதிகம். அவர்களிடம் யாரும் பேட்டி எடுப்பதில்லை.

இடையில் இதைச் சொல்லிவிடுகிறேன், ராத்திரி இதைப் படித்துக்கொண்டிருக்கும் யாருக்காவது வேண்டியிருக்கலாம்: 104, 14416 இரண்டுமே கட்டணமில்லாத எண்கள், தமிழில் பேசலாம். தேர்வுச் சந்தேகம் கேட்க மட்டும்தான் என்று நினைத்துப் போனை வைத்துவிடாதீர்கள்.

மொழியைப் பற்றியும் பேசவேண்டும். ‘தகுதி’ என்று ஒரு சொல். 2024ல் தேர்வு எழுதியவர்களில் சுமார் 13 லட்சம் பேர் ‘தகுதி பெற்றார்கள்’. நாடு முழுக்க எம்.பி.பி.எஸ். இடங்கள் ஒரு லட்சத்துக்குச் சற்று மேல். அதிலும் அரசு இடங்கள் பாதிதான். மற்றதற்குக் கட்டணம் கட்ட வீட்டை விற்கவேண்டும். ஆக தகுதி பெற்ற பத்துப் பேருக்கு மேல் இடமில்லாமல் நிற்க, ஒருத்தர் உள்ளே போகிறார். ஃபெயில் என்றிருந்தால் ஒரு ராத்திரி அழுதுவிட்டு வேறு வேலை பார்க்கலாம். தகுதி இருக்கிறது, இடம் இல்லை என்று சொல்லும்போது ‘இன்னும் ஒரு வருடம்’ என்ற எண்ணம் தானாகவே வந்து உட்கார்ந்துகொள்கிறது. எத்தனை தடவை எழுதலாம் என்பதற்கு வரம்பில்லை. 2022ல் வயது உச்சவரம்பையும் எடுத்துவிட்டார்கள். நல்ல எண்ணத்தில் திறந்த கதவுதான், ஆனால் எழுந்துபோகச் சொல்வதற்கு ஆளில்லாத அறையாகவும் ஆகிவிட்டது.

விண்ணப்பமும் தனி அத்தியாயம். போட்டோவின் அளவு, இடது கைப் பெருவிரல் ரேகை, இருப்பிடச் சான்று, சாதிச் சான்று, 7.5 சதவீத ஒதுக்கீட்டுக்கு ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்ததற்கான சான்று. இ-சேவை மையத்தில் சர்வர் போனால் மனசும் போகிறது. தேர்வு மன அழுத்தம் என்று பேசும் எந்தக் கட்டுரையும் இதைச் சேர்ப்பதில்லை. நான் பார்த்தவரை பல வீடுகளில் உண்மையான சண்டை இந்தக் கிழமைகளில்தான் வெடிக்கிறது. பிறகு கலந்தாய்வில் கல்லூரியைத் தேர்ந்தெடுக்கிற கூத்து. மதுரை எய்ம்ஸ் என்று எடுத்த முதல் பேட்ச் பிள்ளைகள் 2022ல் ராமநாதபுரத்தில் போய் உட்கார்ந்தார்கள், தோப்பூரில் அப்போது கட்டடம் இல்லை. அந்த ஐம்பது பேரில் ஒருத்தர் ஒரு நகைச்சுவை நாவல் எழுதினால் முதல் பிரதி எனக்கு.

பழைய காலம் பொற்காலம் என்று நான் சொல்லவரவில்லை. 1984ல் தொடங்கிய மாநில நுழைவுத் தேர்வு 2006 சட்டத்தால் போனது. அதற்கப்புறமும் நாமக்கல் பக்கத்து ‘பிராய்லர்’ பள்ளிகளில் பதினொன்றாம் வகுப்புப் பாடத்தையே தாண்டிவிட்டு இரண்டு வருடமும் பன்னிரண்டை உருப்போட வைத்தார்கள். அந்த விடுதிகளில் இருந்த அண்ணன்களிடமும் அக்காமார்களிடமும் கேளுங்கள், ஆளுக்கொரு கதை வைத்திருப்பார்கள். ஆனால் அந்தக் கதை மார்ச்சில் முடிந்தது. ஏதோ ஒரு மார்க் வந்தது, ஏதோ ஒரு கல்லூரி கிடைத்தது, ஜூனில் பஸ் ஏறினார்கள். இன்றைய கதைக்கு அந்த ஜூன் கிடையாது.

அதனால்தான் அறிவுரை எழுதியே தீருவேன் என்பவர்களுக்கு ஒரு யோசனை. முடிவைப் பற்றி எழுதுங்கள். எத்தனை தடவை என்பதை ரிசல்ட் ராத்திரியில் முடிவு செய்யாமல், அதற்கு ஆறுமாதம் முன்பு, வீட்டில் எல்லோரும் நிதானமாக இருக்கும்போது பேசி முடிவு செய்வதைப் பற்றி. கால்நடை மருத்துவம் தமிழ்நாட்டில் பெரும்பாலான இடங்களுக்குப் பிளஸ் டூ மார்க்கில்தான் போகிறது, நர்சிங்கும் அப்படித்தான். அந்த விண்ணப்பத்தையும் அதே வருடம் போட்டு வைப்பதைப் பற்றி. நிறையப் பெற்றோர் இதை ‘மனசு சிதறிடும்’ என்று தடுக்கிறார்கள். போக இன்னொரு இடம் இருக்கிறது என்று தெரிந்த பிள்ளை மதியம் இரண்டு மணிக்கு அந்த ஹாலில் கொஞ்சம் நிதானமாக உட்காரும் என்பது என் கணிப்பு. வாரத்தில் ஒரு நாள் புத்தகத்தைத் தொடாமல் இருப்பதையும், மாதிரித் தேர்வு முடிந்த சாயங்காலம் மார்க்கைக் கேட்காமல் இருப்பதையும் வீட்டாருக்கு எழுதலாம். பிள்ளைக்கு அறிவுரை சொல்வதைவிட எதிர்வீட்டு அத்தைக்குச் சொல்வது சுலபம்.

நாவலுக்கு வருகிறேன். எழுத விஷயமில்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது. ராஜன் குழு பொதுமக்களிடம் கருத்துக் கேட்டபோது 86 ஆயிரத்துக்கும் மேல் வந்து குவிந்தன. எதிராக எத்தனை, ஆதரவாக எத்தனை என்று எண்ணி அறிக்கையில் போட்டார்கள். ஒரு குழுவின் வேலை அதுதான். எண்ணாமல் படிக்க ஒரு ஆள் வேண்டும். எந்தெந்த ஊரில் எந்தெந்த வீட்டில் யார் யார் உட்கார்ந்து அதையெல்லாம் எழுதியிருப்பார்கள்! பால் வாங்கப் போவதை நிறுத்திக்கொண்ட பெண் எழுதியதும் அதில் ஒன்றாக இருக்கலாம்.